ஸ்பேனருக்கு முன்னால் மல்டிமீட்டர்

"காருக்குச் சின்னச் சின்ன வேலையை வீட்டிலேயே பார்த்துக்கலாம்னு இருக்கேன், எந்த டூல் செட் வாங்கலாம்?" என்று கேட்பவர்கள் பெரும்பாலும் ஒரு படத்தையும் சேர்த்தே அனுப்புகிறார்கள். ஒரு பிளாஸ்டிக் பெட்டி. திறந்து வைத்தால் நூற்றுச் சொச்சம் உருப்படிகள் வரிசையாகப் பளபளக்கும். கீழே தள்ளுபடி விலை. வாங்காதீர்கள் என்பதுதான் என் பதில். கேட்டவருக்கு அது பிடிப்பதில்லை.

அந்தப் பெட்டியில் எண்ணிக்கையை ஏற்றிக் காட்டுவது ஸ்க்ரூடிரைவர் பிட்டும் ஆலன் பிட்டும்தான். இஞ்ச் அளவு சாக்கெட்டுகளும் கிடக்கும். நம் ஊரில் ஓடும் கார்களில் அதற்கான போல்ட்டைத் தேடிப் பிடிப்பதே கஷ்டம். மாருதி, ஹூண்டாய், டொயோட்டா, ஹோண்டா எது வைத்திருந்தாலும் மில்லிமீட்டரில் 8, 10, 12, 14, 17, 19 இந்த ஆறு அளவில் ஏறக்குறைய எல்லா வேலையும் முடிந்துவிடும். டாடா, ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா என்றால் 13, 16, 18 சேர்த்துக்கொள்ள வேண்டும், நட்சத்திர வடிவ டார்க்ஸ் பிட்டும் வேண்டும். ஒரே மரை போல்ட்டுக்கு ஜப்பான்காரன் 12 தலை வைப்பான், ஜெர்மன்காரன் 13 வைப்பான். அதனால் பக்கத்து வீட்டு போலோவுக்கு உங்கள் மாருதி ஸ்பேனரைக் கொண்டுபோனால் பலதும் ஒரு நூல் பத்தாமல் நிற்கும். ஹூண்டாய் வீல் நட்டுக்கு 21 வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சாக்கெட் வாங்கும்போது உள்ளே எட்டிப் பாருங்கள். சிலவற்றில் ஆறு மூலை இருக்கும், சிலவற்றில் பன்னிரண்டு. பன்னிரண்டு மூலை சுலபமாக மாட்டும், ஆனால் துருப்பிடித்த போல்ட்டில் பலம் கொடுத்தால் தலையை மழுக்கிவிடும். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் ஆறு மூலையே வாங்கலாம். ராட்செட் கைப்பிடி ஒன்று அரை இஞ்ச் சதுரத்தில், ஒன்று கால் இஞ்சில் இருந்தால் போதும். சக்கர வேலைக்கு முன்னது, டேஷ்போர்டு வேலைக்குப் பின்னது. ஸ்பேனரில் போல்ட் தலையை முழுக்கச் சுற்றிப் பிடிக்கும் ரிங் முதலில், வாய் திறந்த டபுள் எண்டு அப்புறம். திருப்புளி விஷயத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. ஜப்பான் வழி வந்த கார்களிலும் பைக்குகளிலும் இருக்கும் பிளஸ் ஸ்க்ரூ, நாம் கடையில் வாங்கும் சாதாரண பிலிப்ஸ் திருப்புளிக்குச் சரியாக உட்காராது. அழுத்தித் திருப்பினால் வழுக்கி மேலே வந்துவிடும். அந்த ஸ்க்ரூவின் தலையில் பெரும்பாலும் ஒரு சின்னப் புள்ளி இருக்கும், அதுதான் அடையாளம். அதற்கென்று ஜேஐஎஸ் (ஜப்பான் தர அளவு) முனைத் திருப்புளி தனியாகக் கிடைக்கிறது. கடைக்காரருக்கே தெரியாமல் இருக்கலாம், விடாமல் கேளுங்கள்.

இதெல்லாம் மதுரை டவுனுக்குள் போய்க் கையில் எடுத்துப் பார்த்து வாங்க வேண்டிய சாமான். மாசி வீதிகளையும் வெளி வீதிகளையும் ஒரு சுற்று சுற்றினால் எத்தனையோ ஹார்டுவேர் கடைகள். டபாரியா ஸ்பேனரைக் கேட்டு வாங்குங்கள், எடையைப் பாருங்கள், குரோம் வெனேடியம் என்று பொறித்திருக்கிறதா பாருங்கள். முகூர்த்த நாளில் மட்டும் போகாதீர்கள். ஜவுளி எடுக்க வந்த கூட்டத்தில் வண்டி நிறுத்த இடம் தேடுவதிலேயே பொழுது போய்விடும்.

பெட்டியை வேண்டாம் என்பதற்கு எனக்கு இன்னொரு காரணம் இருக்கிறது, உண்மையில் அதுதான் முதல் காரணம். அதில் இருப்பதெல்லாம் கழற்றுகிற சாமான். அளக்கிற சாமான் ஒன்றுகூட இருக்காது. கழற்றுவது பெரிய வித்தை இல்லை. எதைக் கழற்ற வேண்டும் என்று தெரிவதில்தான் சிக்கல். நல்ல மெக்கானிக் வண்டி தெருமுனையில் திரும்பும்போதே சத்தத்தை வைத்து, பேரிங் போயிருச்சு என்பார். அது வருஷக்கணக்காகப் பழகிய காது. வாரக் கடைசியில் மட்டும் பானெட்டைத் திறக்கிற நம்மைப் போன்றவர்களுக்கு அந்தக் காது வரப்போவதில்லை. அந்த இடத்தை மீட்டரை வைத்துத்தான் நிரப்பிக்கொள்ள வேண்டும். அதனால் என்னிடம் கேட்பவர்களை முதலில் சில நூறு ரூபாய்க்கு, வோல்ட்டும் ஆம்பியரும் அளக்கிற ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் வாங்கச் சொல்கிறேன். ஸ்பேனர் செட் அடுத்த மாதச் சம்பளத்தில் வரட்டும்.

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவர் ஆல்டோ வைத்திருக்கிறார். ஒருநாள் காலை வண்டி கிளம்பவில்லை. சாவியைத் திருப்பினால் டிக் டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

"கடைக்காரப் பையன் வந்து பாத்தான் தம்பி. பேட்டரி போயிருச்சு, மாத்திருங்கன்னுட்டான். வாங்கி ரெண்டு வருசம்கூட ஆகலையே."

"அளந்து பார்த்தானாண்ணே?"

"எங்கிட்டு அளந்தான்? ஹாரனை ஒரு அமுக்கு அமுக்குனான், சொல்லிட்டான்."

மீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து பேட்டரியின் இரண்டு முனைகளிலும் தொட்டேன். 12.5. ராத்திரி முழுக்க நின்ற வண்டி என்பதால் இது நம்பக்கூடிய எண். ஓட்டிவிட்டு நிறுத்திய உடனே அளந்தால் பொய்யாகக் கூடுதலாகக் காட்டும். ஓய்வில் 12.6 என்றால் முழு சார்ஜ், 12.4 என்றால் முக்கால்வாசி, 12.2 என்றால் பாதி. ஆக, பேட்டரியில் சரக்கு இருக்கிறது. ஆனால் சரக்கு இருப்பது மட்டும் போதாது, ஸ்டார்ட்டர் இழுக்கும்போது தாங்க வேண்டும். மீட்டரை அங்கேயே வைத்துக்கொண்டு அவரைச் சாவியைத் திருப்பச் சொன்னேன். பேட்டரி செத்திருந்தால் அந்த நொடியில் எண் 9க்குக் கீழே விழுந்திருக்கும். விழவில்லை, 12ஐ ஒட்டியே நின்றது. அப்படியென்றால் மின்சாரம் ஸ்டார்ட்டருக்குப் போகவே இல்லை, வழியில் எங்கேயோ அடைப்பு.

அடுத்த அளவைத்தான் பலரும் செய்வதில்லை. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் ஈயக் குமிழ் மேலேயே வைத்தேன், இன்னொன்றை அந்தக் குமிழைக் கவ்வியிருக்கும் கிளாம்பில் வைத்தேன். இரண்டும் ஒட்டிக்கொண்டிருப்பவை, நடுவில் வோல்ட் என்று ஒன்று பெயருக்குத்தான் இருக்க வேண்டும். ஸ்டார்ட்டர் இழுக்கும்போதுகூட 0.2க்குள் இருந்தால் சரி. நெகட்டிவ் பக்கம் அப்படித்தான் இருந்தது. பாசிட்டிவ் பக்கம் வைத்துவிட்டுச் சாவியைத் திருப்பச் சொன்னால் மூன்றுக்கு மேல் எகிறியது. கிளாம்பைக் கையால் அசைத்தாலே ஆடுகிறது. உள்பக்கம் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது.

நெகட்டிவை முதலில் கழற்ற வேண்டும். பாசிட்டிவைக் கழற்றும்போது ஸ்பேனர் தப்பித்தவறி பாடியில் பட்டாலும் நெருப்பு வராமல் இருக்கத்தான் இந்த வரிசை. மாட்டும்போது நேர்மாறு, பாசிட்டிவ் முதலில். வெந்நீரில் ஆப்பசோடாவைக் கரைத்து, பேட்டரி மூடிகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, மேலே ஊற்றினால் நுரை பொங்கி உப்பு கரைந்துவிடும். சோடா தண்ணீர் உள்ளே மட்டும் போகக் கூடாது. துடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின். வண்டி ஒரே திருப்பில் கிளம்பிவிட்டது. செலவு என்று பார்த்தால் அண்ணி கொடுத்த ஆப்பசோடாதான்.

பேட்டரிக் கடைப் பையனைக் குறை சொல்லவில்லை. அவன் ஒரு நாளைக்குப் பார்க்கிற வண்டிகளில் பாதிக்காவது பேட்டரியே போயிருக்கும். மதுரை வெயில் அப்படி. குளிரில்தான் பேட்டரி சாகும் என்று வெளிநாட்டு வீடியோக்களில் சொல்வார்கள். நிஜத்தில் சூடு உள்ளே தகடுகளை அரித்து, தண்ணீரையும் ஆவியாக்கிவிடும். மூடி திறக்கிற வகை பேட்டரி என்றால் வெயில் காலத்தில் மாதம் ஒருதரம் அளவு பார்த்து டிஸ்டில்டு வாட்டர் ஊற்றலாம். வீட்டு ஆர்ஓ தண்ணீர் அதற்கு ஆகாது, அதில் உப்பு மிச்சம் இருக்கும்.

அதே மீட்டரால் இன்னும் இரண்டு வேலை. எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் 13.8லிருந்து 14.5 வரை காட்டினால், பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் சரி. (பேட்டரியைப் பார்த்துப் பார்த்துத் தேவைக்குத் தகுந்தபடி சார்ஜ் செய்யும் மைல்டு ஹைபிரிட் வண்டிகளில் இந்த எண் ஏறி இறங்கும், பதற வேண்டாம்.) இரண்டாவது, நின்ற வண்டி ராத்திரியில் பேட்டரியைக் குடிக்கிறதா என்பது. நெகட்டிவ் கிளாம்பைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்பியரில் வைத்து கிளாம்புக்கும் குமிழுக்கும் நடுவே சேர்த்து, கதவெல்லாம் பூட்டி, கொஞ்ச நேரம் விட்டு, வண்டியில் இருக்கும் கம்ப்யூட்டர்கள் எல்லாம் தூங்கியபின் பார்க்க வேண்டும். 0.05 ஆம்பியருக்குள் இருந்தால் நல்லது. அரை ஆம்பியர் காட்டினால், 35 ஏஎச் (ஆம்பியர்-மணி) பேட்டரி மூன்று நாளுக்குள் காலி. ஃபியூஸை ஒவ்வொன்றாக உருவி எங்கே எண் விழுகிறது என்று பார்த்தால் திருடன் மாட்டுவான். பெரும்பாலும் நாமே பின்னால் மாட்டிய டேஷ்கேமோ, ஆம்பிளிஃபயரோதான். இப்படி மீட்டர் நடுவில் இருக்கும்போது மட்டும் வண்டியை ஸ்டார்ட் செய்துவிடாதீர்கள், ஸ்டார்ட்டர் இழுக்கிற மின்சாரத்துக்கு மீட்டரின் ஃபியூஸோ மீட்டரேயோ உடனே போய்விடும்.

மல்டிமீட்டருக்கு அடுத்து நான் வாங்கச் சொல்வது ஓபிடி ஸ்கேனர். ஈஎல்எம் 327 என்ற பெயரில், உள்ளங்கையில் அடங்குகிற புளூடூத் உருப்படி. ஸ்டியரிங்குக்குக் கீழே முழங்கால் படும் இடத்தில் பதினாறு துளையுள்ள சாக்கெட் இருக்கும், அதில் சொருகி போனில் ஒரு ஆப் வைத்துக்கொண்டால் செக் எஞ்சின் விளக்கு எதற்காக எரிகிறது என்று கோளாறு எண்ணைப் படிக்கலாம். 2013 ஏப்ரலுக்குப் பிறகு வந்த கார்களில் ஓபிடி 2 கட்டாயம் என்பதால் ஏறக்குறைய எல்லாவற்றிலும் வேலை செய்யும். மலிவானதில் போலிச் சரக்கு நிறைய, சிலது சில கார்களோடு பேசவே பேசாது. திருப்பிக் கொடுக்கிற வசதியுள்ள இடத்தில் வாங்குங்கள்.

ஆனால் அந்த எண் தீர்ப்பு இல்லை, புகார்தான். என் வாகன்ஆர் ஒருமுறை சமயநல்லூர் தாண்டியதும் குலுங்க ஆரம்பித்தது, செக் விளக்கு மின்னி மின்னி எரிந்தது. நிலையாக எரிந்தால் வீடு வந்து பார்க்கலாம். மின்னினால் ஓட்டக் கூடாது, எரியாத பெட்ரோல் சைலன்சருக்குள் போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைப் பொசுக்கிவிடும். அதன் விலையைக் கேட்டால் நமக்கே குலுங்கும். ஓரங்கட்டி ஸ்கேனரைச் சொருகினேன். பி0301. முதலாம் சிலிண்டரில் மிஸ்ஃபயர், அதாவது பெட்ரோல் சரியாக எரியவில்லை. இது பொறி தரும் பிளக்காக இருக்கலாம், அதற்கு மின்சாரம் கொடுக்கும் காயிலாக இருக்கலாம், பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டராக இருக்கலாம். இந்த இடத்தில்தான் பலர் மூன்றையும் வாங்கி மாற்றுகிறார்கள். அவசியமில்லை. இந்த எஞ்சினில் சிலிண்டருக்கு ஒரு காயில், மூன்றும் ஒரே மாதிரி, ஒவ்வொன்றும் ஒற்றை போல்ட்டில் நிற்பது. எஞ்சினை ஆறவிட்டு முதலாவதை உருவி இரண்டாவது இடத்தில் போட்டு, இரண்டாவதை முதலாவதில் போட்டு, எண்ணை அழித்துவிட்டு ஓடவிட்டேன். கொஞ்ச நேரத்தில் பி0302 என்று வந்தது. கோளாறு காயிலோடு கூடவே நகர்ந்துவிட்டது, அப்போது காயில்தான். அதே எண் அங்கேயே நின்றிருந்தால் அடுத்து பிளக்கை இப்படி இடம் மாற்றியிருப்பேன். ஒரே ஒரு காயில் வாங்கினதோடு வேலை முடிந்தது.

பிளக் பற்றி ஒரு வார்த்தை. பழைய கார்களுக்கு 21 பிளக் சாக்கெட், புதியவற்றுக்கு 16 அல்லது 14. உள்ளே ரப்பரோ காந்தமோ உள்ளதை வாங்குங்கள், இல்லையென்றால் பிளக் குழிக்குள்ளேயே நின்றுவிடும். சிலிண்டர் ஹெட் அலுமினியம், சூட்டில் கழற்றினால் மரை கூடவே வந்துவிடும் ஆபத்து உண்டு. மாட்டும்போது ஒரு துண்டு ரப்பர் குழாயில் பிளக்கின் தலையைச் சொருகிக் குழாயை விரலால் உருட்டுங்கள். மரை கோணலாக ஏறினால் குழாய் வழுக்கிச் சுற்றிக்கொள்ளுமே தவிர மரையைக் கெடுக்காது. எந்த மெக்கானிக் கண்டுபிடித்தாரோ, கோடி கொடுக்கலாம்.

அளவுக் கருவிகளில் விலை கூடியது டார்க் ரென்ச், நட்டை எவ்வளவு பலத்தில் இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் கைப்பிடி. நல்லது சில ஆயிரம் ஆகும். தேவையா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். பல மாருதி கார்களின் வீல் நட்டுக்கு 85 நியூட்டன் மீட்டர் என்று கையேட்டில் இருக்கும், சில புதிய மாடல்களில் 100. அரை மீட்டர் நீளக் கம்பியின் முனையில் சுமார் 17 கிலோ எடையைத் தொங்கவிட்டால் வருவது 85. நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? ஒரு அடி வீல் ஸ்பேனரை மாட்டி அதன் மேல் ஏறி நின்று ஒரு குதி குதிக்கிறார்கள். 60 கிலோ ஆள் சும்மா ஏறி நின்றாலே 175ஐத் தாண்டிவிடும், குதித்தால் சொல்லவே வேண்டாம். பஞ்சர் கடையின் காற்றுத் துப்பாக்கியும் இதே கதைதான். போல்ட் இழுபட்டுப் போகும், டிஸ்க் ரோட்டார் கோணலாகி பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் நடுங்கும். எல்லாவற்றையும் விடக் கொடுமை, அழகர்கோயில் ரோட்டில் ராத்திரி பஞ்சராகி நிற்கும்போது உங்கள் மனைவியாலோ மகளாலோ அந்த நட்டை அசைக்கவே முடியாது. நான் பஞ்சர் கடையிலிருந்து வந்ததும் நான்கையும் தளர்த்தி, டார்க் ரென்ச்சால் எதிரெதிராக மறுபடி இறுக்கிவிடுவேன். வைத்த அளவு வந்து க்ளிக் சத்தம் கேட்டதும் நிறுத்த வேண்டும், இன்னொரு க்ளிக் புண்ணியத்துக்கு வேண்டாம். வேலை முடிந்ததும் அளவைக் கடைசிக் கீழ் எண்ணுக்கு இறக்கி வையுங்கள். நட்டைக் கழற்ற அதைப் பயன்படுத்தாதீர்கள், அதற்கு நீளமான வேறு கைப்பிடி இருக்கிறது.

காற்றுமானியும் சொந்தமாக ஒன்று வேண்டும். பங்க்கில் இருப்பது என்ன காட்டுகிறதோ அதைத்தான் அவர்களும் நம்புகிறார்கள். கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் எண் குளிர்ந்த டயருக்கானது. மத்தியான வெயிலில் ரிங் ரோட்டில் ஓட்டிவிட்டு அளந்தால் நாலைந்து பிஎஸ்ஐ கூடத்தான் காட்டும், அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடாதீர்கள். சீமைக்கருவேல முள் பஞ்சர் நம் பக்கத்துக்கே உரியது. திருப்புவனம், மானாமதுரைப் பக்கம் மண்பாதையில் இறங்கி ஏறினால் டயரில் ஒன்று இரண்டு முறிந்து நிற்கும். டியூப்லெஸ் என்றால் முள்ளை உடனே பிடுங்காமல் வீடு வந்து சேரலாம். பஞ்சர் கிட்டில் இருக்கும் அரம் மாதிரி ஊசியை முள் போன அதே சாய்வில் விட வேண்டும், நேராகக் குத்தினால் புது ஓட்டைதான் கிடைக்கும். டயரின் பக்கச் சுவரில் முள் ஏறியிருந்தால் கிட்டை மூடிவைத்துவிட்டு டயர் கடைக்குப் போய்விடுங்கள்.

அக்னி நட்சத்திரத்தில் மதுரைக் கார்களுக்கு வருவது சூட்டுக் கோளாறு. ரேடியேட்டரில் என்ன ஊற்றியிருக்கிறீர்கள் என்று கேட்டால், "தண்ணிதான்" என்பார்கள், அதுவும் போர் தண்ணீர். நம் பாத்ரூம் குழாயில் வெள்ளையாகப் படிகிறதே, அதே உப்பு எஞ்சினுக்குள் நுண்ணிய வழிகளிலும் படியும். கூலண்ட் என்பது குளிர் தேசத்தில் உறையாமல் இருக்க மட்டும் என்று நினைக்காதீர்கள். துருவைத் தடுப்பது அதுதான், கொதிநிலையை ஏற்றுவதும் அதுதான். மூடி கொடுக்கும் அழுத்தமும் சேர்ந்து உள்ளே 120 டிகிரி தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். அதனாலேயே சூடான எஞ்சினில் அந்த மூடியைத் திறந்தால் அழுத்தம் போய் அத்தனையும் ஒரே நொடியில் கொதித்து முகத்துக்கு வரும். எவ்வளவு அவசரமானாலும் கையால் தொடும் சூட்டுக்கு வரும்வரை திறக்காதீர்கள்.

சூடு ஏறுகிறது என்றால் முதலில் ஃபேன் ஓடுகிறதா பாருங்கள். ஏசியைப் போட்டால் பெரும்பாலான கார்களில் ரேடியேட்டர் ஃபேன் சுற்ற ஆரம்பிக்க வேண்டும். சுற்றவில்லையா? ஃபியூஸ், அப்புறம் ரிலே (மின்சாரத்தைத் திறந்துவிடும் சின்னச் சுவிட்ச்). ஃபியூஸ் பெட்டியின் மூடியிலேயே எது எங்கே என்று படம் இருக்கும். ஹாரனின் ரிலேயும் ஃபேன் ரிலேயும் சில வண்டிகளில் ஒரே மாதிரி இருக்கும். இரண்டின் எண்ணும் ஒன்றென்றால் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். ஃபேன் ஓடியும் நெரிசலில் மட்டும் சூடு ஏறினால், ரேடியேட்டர் முகத்தில் அப்பியிருக்கும் தூசியையும் பூச்சியையும் பின்புறமிருந்து தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். வேகமாக ஓட்டும்போது ஏறினால் கூலண்ட் ஓட்டத்தில் கோளாறு. தெர்மோஸ்டாட், பம்ப், அடைப்பு என்று மெக்கானிக் பார்க்க வேண்டிய கதை.

வண்டிக்குக் கீழே போகிற வேலைக்கு மட்டும் நான் கறாராகப் பேசுவேன். ஜாக்கி தூக்குவதற்கு, தாங்குவதற்கு இல்லை. ஜாக் ஸ்டாண்டு ஒரு ஜோடி, ஒவ்வொன்றிலும் இரண்டு டன் என்று எழுதியது, வாங்காமல் கீழே தலையைக் கொண்டுபோகாதீர்கள். ஹாலோ பிளாக்கை அடுக்கி வைத்து வேலை பார்ப்பதை நம் தெருக்களில் சாதாரணமாகப் பார்க்கலாம். அது சுவர் கட்டப் பரவிய எடையைத் தாங்கச் செய்தது, ஒரு புள்ளியில் பாரம் விழுந்தால் முன்னறிவிப்பே இல்லாமல் நொறுங்கும். போர்டிகோவில் இப்போது எல்லோரும் டைல்ஸ் போட்டுவிட்டோம், அதுவும் வாட்டமாகப் போட்டிருப்போம். டைல்ஸின் மேல் ஸ்டாண்டின் கால் வழுக்கும், டைல்ஸும் விரியும். தடித்த பிளைவுட் துண்டு ஒன்று அடியில் வேண்டும். தூக்காத பக்கச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை, ஹேண்ட்பிரேக், கியர். ஸ்டாண்டில் இறக்கியபின் வண்டியைப் பக்கவாட்டில் ஒரு உலுக்கு உலுக்கிப் பாருங்கள். விழுவதென்றால் அப்போதே விழட்டும்.

பிரேக்கைத் தனியாக ஆரம்பிக்காதீர்கள். பேடு தேய்ந்திருக்கிறதா என்று சக்கரத்தைக் கழற்றிப் பார்க்கலாம். 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றும் நேரம். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும், அதனால் ரெண்டு வருஷத்துக்கு ஒருதரம் மாற்ற வேண்டும் என்பதைத் தெரிந்துகொண்டு மெக்கானிக்கிடம் கொடுங்கள். ஏர்பேக் மஞ்சள் வயர்கள், ஏசி கேஸ், சஸ்பென்ஷன் ஸ்பிரிங், சிஎன்ஜி குழாய் இவற்றின் பக்கமே போக வேண்டாம்.

இதையெல்லாம் படித்துவிட்டு மெக்கானிக்கை விரோதி ஆக்கிக்கொள்ளாதீர்கள். மதுரைக்கு இந்தத் தொழிலில் நீண்ட பாரம்பரியம் உண்டு. டிவிஎஸ் நிறுவனர் டி.வி.சுந்தரம் ஐயங்கார் 1911இல் தொழில் தொடங்கியது இங்கேதான். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்குப் பஞ்சம் வந்தபோது, கரியைப் புகைத்து அந்த வாயுவில் வண்டி ஓட்டும் கேஸ் பிளான்ட்டை டிவிஎஸ் தயாரித்து பஸ்களை ஓட வைத்தது. இன்றைக்கும் புதூர், கப்பலூர்ப் பக்கம் லேத்துப் பட்டறைகளில், கடையில் கிடைக்காத புஷ்ஷைக் கடைந்து கொடுக்கும் கைகள் இருக்கின்றன. என் மெக்கானிக் அண்ணனிடம் நான் போய், "வண்டி இழுக்கல, கொஞ்சம் பாருங்க" என்று நிற்பதில்லை. "அண்ணே, சார்ஜிங் 13.2தான் வருது, பெல்ட் டைட்டாத்தான் இருக்கு" என்பேன். "அப்ப ஆல்டர்னேட்டர்ல ரெகுலேட்டரோ கார்பன் பிரஷ்ஷோதான், கழட்டிருவோம்" என்பார். பேச்சு அங்கேயே முடிந்து வேலை ஆரம்பிக்கும். முதலில் அவருக்கு இது எரிச்சலாகத்தான் இருந்தது. இப்போது சந்தேகமான வண்டி வந்தால் ஸ்கேனரைக் கொண்டுவரச் சொல்லி அவரே போன் போடுகிறார், டீ அவர் கணக்கு.

எஞ்சின் ஆயில் மாற்றுவது வீட்டில் செய்யத் தோதான வேலை, சின்ன பெட்ரோல் காருக்குச் சுமார் மூன்று லிட்டர் பிடிக்கும். கையேட்டில் 0டபிள்யூ-20 என்று இருந்தால் அதையே ஊற்றுங்கள், "நம்ம ஊர் வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் சரி" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள். ஆயிலை வடிக்கிற போல்ட்டின் வாஷரைப் புதிதாகப் போடுங்கள். ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் புது ஆயிலைத் தடவிக் கையாலேயே இறுக்குங்கள். பழைய ஃபில்டரின் ரப்பர் சில சமயம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும், தடவிப் பார்க்காமல் புதிதை மாட்டினால் ஆயில் முழுக்கத் தரையில் இருக்கும். வடித்த கறுப்பு ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள், அந்தச் சாக்கடை எங்கே போய்ச் சேர்கிறது என்று வைகை மேல் இருக்கும் ஆல்பர்ட் விக்டர் பாலத்தில் நின்று பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கரையானுக்கென்று கதவு நிலையில் தடவுவதும் வேண்டாம், அதில் கிடக்கும் உலோகத்தூள் கைக்கும் மூச்சுக்கும் ஆகாது. புது ஆயில் வந்த கேனிலேயே பழையதை ஊற்றி மூடி, அடுத்தமுறை மெக்கானிக் கடைக்குப் போகும்போது எடுத்துப் போங்கள். மறுசுழற்சிக்கு எடுப்பவர்களுக்காக அங்கே ஒரு டிரம் வைத்திருப்பார்கள்.